மேடையில் நிற்பவர் கண்ணில் பீம் அடிக்காமல் இருக்க எது சரி: ட்ரஸ்ஸை மாற்றுவதா, டில்ட் லிமிட்டா, கியூ திருத்தமா?

பங்குனி, சித்திரையில் கொங்குப் பக்கம் ஊருக்கு ஊர் நோம்பி (திருவிழா). எட்டு பீம் (ஒல்லியாகக் குவிந்த ஒளி அடிக்கும் நகரும் விளக்கு), நாலு வாஷ் (பரந்த ஒளி தருவது), ஒரு டஜன் எல்இடி பார், ஒரு கன்சோல் (லைட்டை இயக்கும் பலகை), நாலு ஆள் என எல்லாம் ஒரே டெம்போவில் வந்து இறங்கும். மூன்று மணிக்கு ட்ரஸ் (விளக்குகளைத் தொங்கவிடும் உலோகச் சட்டம்) ஏறும், ஆறுக்கு மைக் டெஸ்ட், ஏழுக்கு இன்னிசைக் கச்சேரி. லைட்டுக்கென்று ஒத்திகை கிடையாது. மூன்றாவது பாட்டில் பாடகி மைக்கிலேயே கேட்டுவிடுவார்: “ஏனுங்ண்ணா, அந்த லைட்டக் கொஞ்சம் மேல தூக்குங்ண்ணா, பாட்டு நோட்டே தெரிய மாட்டேங்குதுங்க.” ஆபரேட்டர் மொத்த வெளிச்சத்தையும் குறைக்கும் மாஸ்டரை இறக்குவார். அடுத்த பாட்டுக்கு அதே எஃபெக்ட் பட்டனைத் தட்டியதும் பீம் மறுபடி அதே கண்ணுக்கு வரும். மாஸ்டர் இறங்கி ஏறியதே தவிர, பீம் போகும் வழி மாறவில்லை.

அந்த வழியை மாற்றப் பல இடங்கள் உண்டு: ஹெட் (நகரும் விளக்கு) தொங்கும் இடம், கன்சோலின் பேட்ச் (எந்த ஹெட் எந்த சானலில் என்ற பட்டியல்), கியூ (பதிந்து வைத்த லைட் காட்சி), ஹெட்டின் மெனு. எல்லாவற்றையும் எல்லா நிகழ்ச்சிக்கும் செய்ய நேரம் கிடைக்காது. ஒத்திகை இல்லாத நோம்பி மேடைக்கு டில்ட் லிமிட் (ஹெட் மேலும் கீழும் சாய்வதற்கு எல்லை போடுவது) முதல் வேலை என்பதும், ஒத்திகை உள்ள அரங்குக்குக் கியூ திருத்தம் முதல் வேலை என்பதும் எங்கள் கணிப்பு. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

முதலில் கண்

கண்கூச்சம் இரண்டைப் பொறுத்தது. கண்ணில் விழும் ஒளியின் அளவு ஒன்று. பார்வைக் கோட்டிலிருந்து அந்த விளக்கு எத்தனை டிகிரி விலகி இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதுக்கு ஸ்டைல்ஸ், ஹாலடே ஆகியோர் பெயரில் ஒரு சூத்திரம் உண்டு: கூச்சம் கோணத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அதாவது 15 டிகிரி மேலே இருந்த விளக்கை 30 டிகிரிக்கு ஏற்றினால், அதே ஒளியே கண்ணில் விழுந்தாலும் கூச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். டிம்மரைத் தொடாமலே கிடைக்கும் லாபம் இது.

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதைக் கலைக்க ஒரு பீமுக்கு ஒரு நொடி போதும். அதன் பிறகு மேடை விளிம்பும் மானிட்டர் பெட்டியும் ஆடுபவருக்குக் கறுப்பாகத்தான் தெரியும். எந்த வழியைத் தேர்ந்தாலும் முகத்துக்கென்று நிலையான மஞ்சள் வெளிச்சம், எல்இடி பாரில் 30 முதல் 40 சதவீதம், பாட்டு முழுக்க எரியட்டும். கண் ஓரளவு சுருங்கியே இருந்தால் திடீர் ஒளியின் அடி குறையும். மேடை விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டுவதும் இதே வேலையின் பாகம்தான்.

ட்ரஸ்ஸை நகர்த்துவது

நோம்பி மேடையின் வழக்கமான அளவையே எடுத்துக்கொள்வோம். மேடை உயரம் 4 அடி, ஆழம் 24 அடி. முன் ட்ரஸ் 20 அடி. ஹெட் தொங்கியபின் லென்ஸ் 18 அடியில் நிற்கும். நிற்பவரின் கண் மேடையிலிருந்து 5 அடி, அதாவது தரையிலிருந்து 9 அடி. லென்ஸுக்கும் கண்ணுக்கும் உயர வித்தியாசம் 9 அடி. ட்ரஸ் ஆளுக்கு 16 அடி முன்னால் இருந்தால் ஒளி சுமார் 30 டிகிரியில் வரும். 34 அடி தள்ளிப் போட்டால் 15 டிகிரிதான். ஒலிப்பெட்டிகளுக்கு இடம் வேண்டுமென்று பந்தல்காரர் ட்ரஸ்ஸைப் பின்னுக்குத் தள்ளும்போது, அதே அளவு ஒளி கண்ணில் விழும் கணக்கில், பாடகருக்குக் கூச்சம் நாலு மடங்கு ஏறுகிறது. கன்சோலில் இதைச் சரிசெய்ய முடியாது.

எனவே ட்ரஸ் இடம் இறக்கும்போதே பேசி முடிக்க வேண்டிய சமாச்சாரம். நாற்காலி போட்ட பிறகு யாரும் டவரை நகர்த்தப் போவதில்லை. மேடை விளிம்பிலிருந்து 12 முதல் 16 அடிக்குள் முன் ட்ரஸ் நிற்கட்டும். அதற்கு வழியில்லை என்றால் முன் ட்ரஸ்ஸில் வாஷும் பாரும் மட்டும் போட்டுவிட்டு, பீம் எல்லாவற்றையும் பின் ட்ரஸ்ஸுக்குக் கொண்டுபோவது மேல். பின்னாலிருந்து வரும் பீம் பாடுபவரின் முதுகுக்குத்தான் வரும். ஆனால் தபேலா, கீபோர்டுக்காரர்கள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்வார்கள். அவர்களை மறக்கக் கூடாது.

கல்யாண மண்டபம் வேறு கதை. கூரையே 14 அடி என்றால் லென்ஸ் 12 அடியில் நிற்கும். மேடை 3 அடி, கண் 8 அடி; வித்தியாசம் 4 அடிதான். 30 டிகிரி கிடைக்க வேண்டுமானால் ட்ரஸ் மணமக்களிடமிருந்து 7 அடிக்குள் வர வேண்டும். அங்கே மாலை போட வருபவர்கள் நிற்பார்கள். மண்டபத்தில் முன்னாலிருந்து பீம் வேண்டவே வேண்டாம். பீம் மேடைக்குப் பின்புறத் தரையில் நின்று மேலே பார்க்கட்டும். இரண்டு மணி நேரம் சிரித்துக்கொண்டே நிற்கும் பொண்ணும் மாப்பிள்ளையும் மைக்கில் முறையிட மாட்டார்கள். வீடியோகிராபரின் எல்இடி வேறு அவர்கள் முகத்திலேயே இருக்கிறது.

மேடையின் முன் விளிம்பில், ஆடுபவர் காலடியில் பீம் வைத்து மேலே அடிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். ஆடுபவர் இயல்பாகக் கீழே பார்க்கும் இடத்தில் லென்ஸ் இருக்கும். போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆடுபவருக்கு அல்ல.

டில்ட் லிமிட்

லிமிட் என்றால் ஹெட் எந்தக் கியூவிலும், எந்த எஃபெக்டிலும், யார் பட்டனைத் தட்டினாலும் ஒரு கோணத்தைத் தாண்டாது. ஒத்திகை வேண்டாம், பாட்டு வரிசை மாறினாலும் கவலையில்லை. எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் வேலை.

பெரும்பாலான பீமுக்கு டில்ட் 270 டிகிரி, பேன் (இடம் வலமாகத் திரும்புவது) 540 டிகிரி. கன்சோல் ஹெட்டுக்குக் கட்டளை அனுப்பும் டி.எம்.எக்ஸில் இவை 0 முதல் 255 வரை. ஆக டில்டில் ஓர் எண் சுமார் 1.06 டிகிரி. தலைகீழாகத் தொங்கும் ஹெட்டில் 127 என்றால் நேர் கீழே. அங்கிருந்து 90 டிகிரி போனால் தரைக்கு இணை, அது 212. இப்போது மேலே சொன்ன மேடையில் கண்கள் எங்கெங்கே இருக்கும் என்று பாருங்கள். முன் விளிம்பில் உட்கார்ந்து வாசிப்பவரின் கண் மேடையிலிருந்து 3 அடி. பின் விளிம்பில் நிற்கும் உயரமானவரின் கண் 6 அடி. ட்ரஸ் முன் விளிம்பிலிருந்து 16 அடியில் இருந்தால், முன்னவரின் கண்ணுக்குப் போகும் கோடு இணைக்கோட்டுக்குக் கீழே 35 டிகிரி, பின்னவருடையது 11 டிகிரி. எண்ணில் சொன்னால் 179 முதல் 202 வரை. பீமின் அகலத்துக்கும் கிளாம்ப் கோணலுக்கும் கீழே மூன்று, மேலே நாலு எண் விட்டால் 176 முதல் 206 வரை ஆபத்துப் பட்டை. 206-க்கு மேல் போனால் பீம் பின் திரையில் மேடையிலிருந்து 9 அடி உயரத்தில் விழும். 176-க்குக் கீழே இருந்தால் மார்புக்குக் கீழேதான் படும்.

இங்கேதான் பலரும் இடறுவது. கன்சோலில் லிமிட் என்பது ஒரு குறைந்த எண், ஒரு கூடிய எண், அவ்வளவே. நடுவில் ஓட்டை போட முடியாது. ஆகவே ஹெட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுங்கள். ஒற்றைப்படை எண் ஹெட்கள் மேல்கூட்டம்: 206 முதல் 255. இரட்டைப்படை ஹெட்கள் கீழ்க்கூட்டம்: 79 முதல் 176. கீழ்க்கூட்டத்துக்கு 0 முதல் 176 என்று போடாமல் 79 ஏன்? பேன் 180 டிகிரி திரும்பினால் மேடைப் பக்கம் டில்டின் மறுபாதிக்கு வந்துவிடும். அப்போது 49 முதல் 79 வரை உள்ள பட்டை அதே முகங்களைப் பார்க்கும். அந்தக் கதவையும் சேர்த்து அடைக்க வேண்டும். கேபிள் பக்கம் மாற்றித் தொங்கவிட்ட ஹெட்டுக்கும் இதே எதிர்க்கணக்குத்தான். மெனுவில் டில்ட் இன்வர்ட் போட்டு எல்லாவற்றையும் ஒரே திசைக்குக் கொண்டுவந்த பிறகு லிமிட் போட்டால் தலைவலி குறையும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஆளை வைத்துப் பார்க்கும் முறை. உயரமான ஒருவரை மேடையின் பின் விளிம்பில் நிறுத்திக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். டிம்மர் 10 சதவீதம். பீமை மேலிருந்து ஒவ்வோர் எண்ணாக இறக்கி, விரல் நுனியில் ஒளி பட்டதும் நிறுத்துங்கள். அது மேல்கூட்டத்தின் குறைந்த எண். பிறகு முன் விளிம்பில் ஒருவரை உட்கார வைத்து மார்பில் கை வைக்கச் சொல்லி, கீழிருந்து ஏற்றிக் கையில் பட்டதும் நிறுத்துங்கள். அது கீழ்க்கூட்டத்தின் கூடிய எண். ட்ரஸ்ஸின் இரு முனை ஹெட்களிலும் சரிபாருங்கள். இருபது நிமிட வேலை. பார்ப்பவர் லென்ஸைப் பார்க்காமல் தன் கையைப் பார்க்கட்டும். 230 வாட் 7ஆர் விளக்கு எந்தத் தூரத்துக்குள் பொருள் மேல் படக்கூடாது என்பது ஹெட்டின் உடம்பிலேயே மீட்டரில் அச்சிட்டிருக்கும். அதற்குள் ஆளையும் திரைத்துணியையும் விடாதீர்கள்.

லிமிட் இரண்டு வகை. எது தன் கன்சோலில் இருக்கிறது என்று தெரியாமல் போட்டால் குழப்பம். ஒன்று வெட்டும் வகை: எண் எல்லையைத் தொட்டதும் அங்கேயே நிற்கும். வட்ட எஃபெக்ட் ஓடினால் வட்டத்தின் அடி தட்டையாகி, பீம் எல்லையில் சிக்கிக்கொண்டது போலத் தெரியும். மற்றது சுருக்கும் வகை: 0 முதல் 255 முழுவதையும் புதிய எல்லைக்குள் அடக்கிவிடும். எஃபெக்டின் வடிவம் கெடாது, ஆனால் ஏற்கெனவே பதிந்த பொசிஷன் எல்லாம் இடம் மாறும். ஹெட்டின் மெனுவில் சில மாடல்களில் வரும் டில்ட் 180, டில்ட் 90 என்ற தேர்வு இந்த இரண்டாம் வகை. அது நடுவிலிருந்து இருபுறமும் சமமாகச் சுருக்கும். 180 போட்டால் முகம் இன்னும் உள்ளேதான் இருக்கும். 90 போட்டால் நம் கணக்கு மேடைக்குப் பீம் மேடையையே எட்டாது. முன் ட்ரஸ்ஸுக்கு அந்த மெனு உதவாது. கன்சோல் பேட்சில்தான் போட வேண்டும்.

கன்சோலில் லிமிட்டே இல்லையென்றால்? எஃபெக்டின் பேஸையும் (ஆட்டத்தின் நடு எண்) சைஸையும் (அதிலிருந்து ஆடும் அளவு) வைத்து அதே வேலையைச் செய்யலாம். மேல்கூட்டத்துக்கு பேஸ் 225, இருபுறமும் 18 என்றால் பீம் 207-க்கும் 243-க்கும் இடையில் ஆடும். அதே பேஸில் 30 ஆக்கினால் 195 வரை இறங்கி முகத்துக்கு வந்துவிடும். பாட்டு சூடு பிடித்ததும் சைஸ் ஃபேடரை ஏற்றும் பழக்கம்தான் பாதிக் கூச்சத்துக்குக் காரணம். கன்சோலில் சைஸ் சதவீதமாக வந்தால் அதை நம்பாமல், அவுட்புட் விண்டோவில் டில்ட் எண் எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள்.

கியூவில் திருத்துவது

ஹெட் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எரிந்துகொண்டே போகும்போதுதான் கண்ணில் அடிப்பது அதிகம். போய்ச்சேரும் இடம் சரியாகவே இருக்கும், வழியில்தான் வம்பு. இதற்கு மருந்து, அணைத்துவிட்டு நகர்த்துவது. அவோலைட்ஸ் டைட்டனில் மூவ் இன் டார்க், கிராண்ட்எம்ஏவில் எம்.ஐ.பி., இ.டி.சி. இயாஸில் மார்க் என்ற பெயரில் இது இருக்கும். அடுத்த கியூவில் எரியப் போகும் ஹெட், இந்தக் கியூவில் அணைந்திருந்தால், கன்சோலே அதை முன்கூட்டி இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடும்.

மூன்று இடத்தில் இது கைவிடும். ஹெட் இரண்டு கியூவிலும் தொடர்ந்து எரிந்தால் நகர்த்த இருட்டே கிடைக்காது. கியூவைத் தாண்டிக் குதித்தால், அதாவது பாடகர் திடீரென்று வேறு பாட்டுக்குப் போனால், முன்னேற்பாடு வீண். இருட்டு நேரம் போதாவிட்டாலும் அப்படித்தான்: பேன் முழுச் சுற்றுக்கு ஹெட்டுக்கு இரண்டரை முதல் மூன்று நொடி வேண்டும், இரண்டு நொடியில் டிம்மரைத் திறந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பீம்தான் தெரியும். பட்டிமன்றம், அரங்கேற்றம், கல்லூரி ஆண்டு விழா போல வரிசை நிச்சயமான நிகழ்ச்சிக்கு இது அருமை. “அடுத்து நேயர் விருப்பம்” என்று அறிவிக்கும் கச்சேரிக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

சின்ன 512 சானல் கன்சோலில் இந்த வசதி இருக்காது. கையால் மூன்று ஸ்டெப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டெப் ஒன்று: டிம்மர் 0, ஃபேட் 0.3 நொடி. ஸ்டெப் இரண்டு: புதிய பேன், டில்ட், கலர், கோபோ (ஒளியில் வடிவம் காட்டும் தகடு), 3 நொடி காத்திருப்பு. ஸ்டெப் மூன்று: டிம்மர் 100, ஃபேட் ஒன்றரை நொடி. கடைசி ஃபேடை அரை நொடியாகக் குறைக்க மனசு வரும், வேண்டாம். பாவை சுருங்க அந்த நேரம் தேவை.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஷட்டர் சானல். பல மாடல்களில் ஷட்டரின் அடி எண்கள் மூடல், உச்ச எண்கள் திறப்பு, நடுவில் முழுக்க ஸ்ட்ரோப். ஷட்டருக்கும் ஃபேட் நேரம் போட்டுவிட்டால் திறக்கும் வழியில் ஹெட் ஸ்ட்ரோப் அடித்துவிட்டுத்தான் திறக்கும். ஆடுபவருக்கு அது முகத்தில் பளீர் பளீர் என்று வரும். ஷட்டரை ஃபேட் இல்லாமல் ஸ்னாப்பில் வைத்து, ஏற்ற இறக்கத்தை டிம்மர் சானலில் மட்டும் செய்யுங்கள்.

எரியும்போதே நகர்த்தத்தான் வேண்டும் என்றால் வழியைத் தேர்ந்தெடுங்கள். பேன் 540 டிகிரி என்பதால் ஒரே திசைக்கு இரண்டு எண்கள் இருக்கும், வித்தியாசம் 170. முதல் பொசிஷனைப் பேன் 43-லும் அடுத்ததை 200-லும் பதிந்தால் ஹெட் 330 டிகிரிக்கு மேல் சுற்றி, மேடை முழுதையும் துடைத்துக்கொண்டு வரும். இரண்டாவதை 30-ல் பதிந்தால் திசை அதேதான், பயணம் 27 டிகிரி. ஹெட்டை ஜாய்ஸ்டிக்கில் அங்கே இங்கே சுற்றி, வந்த இடத்தில் பதிவதால் வரும் வினை இது. ஒரு பொசிஷனிலிருந்தே அடுத்ததைக் குறைந்த தூரத்தில் தேடிப் பதியுங்கள்.

தரைக் கோலத்திலிருந்து மேலே கூரைக்கு டில்டில் நேராக ஏற்றினால் பீம் முகத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மாற்று: முதலில் பேனில் 90 டிகிரி திருப்பி, பீம் ட்ரஸ்ஸின் போக்கிலேயே பக்கவாட்டில் பார்க்கட்டும், அங்கே டில்டை ஏற்றுங்கள், பிறகு பேனைத் திருப்புங்கள். பார்ப்பவர்களுக்கும் அழகாக இருக்கும். பக்க டவரில் ஆள் ஏறியிருந்தால் மட்டும் கவனம்.

பொசிஷன் பதிவதற்கு ஹெட் 16 பிட் மோடில் (ஓர் எண்ணுக்குள்ளும் நுண்ணிய படிகள் தருவது) இருக்க வேண்டும். 8 பிட்டில் பேனின் ஓர் எண் 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 40 அடி தூரத்தில் அது ஒன்றரை அடி. தோளுக்கு வைத்த ஒளி கண்ணுக்கு வர ஒன்றரை அடி தாராளம். வாஷை ஆளின் மேல் போடும்போது நடுச்சூடு மார்பில் விழட்டும். விளிம்பு வெளிச்சம் முகத்துக்குப் போதும். மைக் ஸ்டாண்ட் நிற்கும் இடங்களில் டேப்பால் குறி போட்டு, பொசிஷனை அந்தக் குறிக்குப் பதியுங்கள்.

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஒரு குறிப்பு. நட்டுவனாரும் பாடுபவரும் பொதுவாக ஆடுபவரின் வலப்பக்கம், பார்ப்பவருக்கு இடப்பக்கம், தரையில் உட்கார்வார்கள். அவர்கள் பார்வை எந்நேரமும் ஆடுபவரின் கால் மேல். எதிர்ப்பக்க டவரில் உள்ள ஹெட் தாழ்ந்திருந்தால் அது அவர்கள் கண்ணுக்கு நேர். எதிர்ப்பக்கப் பொசிஷன் ஒவ்வொன்றையும் பதியுமுன் அந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் தெரியாது.

ஹெட்டின் சொந்த பிளாக்அவுட், ஃப்ராஸ்ட், டிம்மர்

பேனோ டில்டோ நகரும்போது ஹெட்டே அணைந்துகொள்ளும் செட்டிங் பல மாடல்களில் மெனுவிலோ கண்ட்ரோல் சானலிலோ இருக்கும். பொசிஷனுக்குப் பொசிஷன் தாவும் நிகழ்ச்சிக்கு நல்லது. கன்சோல் எதுவானாலும் வேலை செய்யும். ஆனால் எஃபெக்ட் ஓட ஆரம்பித்தால் ஹெட் நிற்பதே இல்லை, எனவே எரிவதும் இல்லை. வாடகைக்கு வந்த ஹெட் “லைட் வரலீங்க” என்று திரும்பிப் போவதற்கு இந்த மறந்துபோன செட்டிங்கும் ஒரு காரணம்.

டிஸ்சார்ஜ் விளக்குப் பீமில் டிம்மர் வெறும் தகட்டு மறைப்பு. குறைத்தால் பயன் உண்டு, ஆனால் 3 டிகிரிக்குள் குவிந்த ஒளிக்கு 30 சதவீதமும் கண்ணில் பட்டால் பெரிதுதான். ஃப்ராஸ்ட் போட்டால் ஒளி பரவிக் கூச்சம் தணியும். பீம் என்ற தோற்றமும் போய்விடும். ஒரு பாட்டுக்கு அவசரத்துக்குச் செய்யலாம். ஸ்ட்ரோப்பை நொடிக்கு மூன்றுக்குள் வைப்பது வலிப்பு உள்ளவர்களுக்காகவும் சேர்த்து.

வள்ளி கும்மித் திடல்

மேடைக்குச் சொன்ன எதுவும் இங்கே அப்படியே செல்லாது. நூற்றுக்கணக்கானோர் வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். குனிவார்கள், நிமிர்வார்கள், திரும்புவார்கள். முன்பக்கம் என்று ஒன்றில்லை. ஒருவர் கண் கூசி அடி தவறினால் பின்னால் வருபவர் மோதுவார். கம்பத்தைச் சுற்றி ஆடும் இடத்துக்கும் இதே நிலைமைதான்.

லென்ஸ் 20 அடியில் இருந்தால் ஆடுபவரின் கண்ணுக்கும் அதற்கும் 15 அடி. 26 அடி தூரத்தில் 30 டிகிரி, 41 அடியில் 20 டிகிரி, 100 அடியில் 9 டிகிரிகூட இல்லை. எதிர் மூலையிலிருந்து வரும் ஒளி ரோட்டில் எதிரே வரும் லாரியின் ஹை பீம் மாதிரிதான். எனவே 60 அடிச் சதுரத் திடலுக்கு நாலு மூலையிலும் டவர், ஒவ்வொன்றும் தன் மூலையிலிருந்து நடுவரை மட்டும் பார்க்கும் வாஷ், நகராமல். அதைவிடப் பெரிய திடலுக்குப் பக்க நடுவிலும் டவர் சேர்க்க வேண்டும். இருக்கிற டவரில் வாட்டைக் கூட்டி எதிர்மூலைக்கு அடிப்பது தீர்வாகாது. பீம் ஆட்டம் நடக்கும்போது தரை இணைக்கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும்: டில்ட் 215 முதல் 255, எல்லா ஹெட்டுக்கும், பேன் எப்படிச் சுற்றினாலும் பரவாயில்லை. கீழே இறக்கும் ஆசையை ஆட்டம் முடிந்து ஆசிரியருக்குப் பொன்னாடை போடும்போது வைத்துக்கொள்ளலாம், அதுவும் மெதுவாக.

ஒரு தடங்கல் உண்டு. மேலே போகும் பீம் கண்ணுக்குத் தெரிய ஹேஸ் (மெல்லிய புகை) வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம் பக்கம் ஹேஸை நிற்க விடாது. பீம் காணாமல் போகும். “லைட்டே தெரியலியே” என்று விழாக் குழு கேட்கும். ஆபரேட்டர் பீமை ஆள் மேல் இறக்கிவிடுவார். கண்ணில் அடிப்பதன் வேர் பல நாள் இந்தக் காற்றுதான். அந்த மாதங்களில் பீமைக் குறைத்து, பின் திரை, பந்தல் உட்கூரை, பக்கத்துத் தென்னை என ஒளி விழுந்து தெரிய ஏதாவது இருக்கும் இடத்தில் கோபோவும் வாஷும் போடுவது என்று முன்பணம் வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஆக எதை எடுப்பது

ஒத்திகை இல்லை, பாட்டு வரிசை நிச்சயமில்லை, கன்சோலில் லிமிட் இருக்கிறது என்றால் முன் ட்ரஸ்ஸை 16 அடிக்குள் வைத்து, இரண்டு கூட்ட டில்ட் லிமிட் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். கியூ திருத்தத்தில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம். லிமிட் இல்லாத கன்சோல் என்றால் எஃபெக்ட் பேஸ், சைஸ் கணக்கு. சைஸ் ஃபேடரின் மேல் எல்லையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஒத்திகையும் வரிசையும் உண்டென்றால் இருட்டில் நகர்த்துவது. லிமிட் போட்டால் நல்ல பொசிஷன்கள் சில கைக்கு எட்டாமல் போகும். கல்யாண மண்டபத்துக்கு இடம்தான் முடிவு. கும்மித் திடலுக்கு உயரமும் இணைக்கோடும் தவிர வேறெதுவும் இல்லை.

எதை எடுத்தாலும் முன் ட்ரஸ் பீம்களுக்கு மட்டும் தனியாக ஓர் இன்ஹிபிட் ஃபேடர் (அவற்றின் வெளிச்சத்தை மட்டும் இறக்குவது) வேண்டும். கிராண்ட் மாஸ்டரை இறக்கினால் முகத்து வெளிச்சமும் சேர்ந்து போய் மேடை இருண்டுவிடும். அது கூச்சத்தைவிட ஆபத்து. ஃபேடரின் மேல் சிவப்பு டேப் ஒட்டுங்கள். பாடகர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தால் அதை இறக்குங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, கன்சோல் கையில் இல்லாத நேரம். ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும்போது கன்சோல் அணைந்து எழ ஒரு நிமிடம் ஆகலாம். ஹெட்கள் அதற்குள் ரீசெட் முடித்துவிடும். டி.எம்.எக்ஸ் வராத ஹெட் என்ன செய்யும் என்பது அதன் மெனுவில் இருக்கிறது: ஆட்டோ, சவுண்ட், ஹோல்டு, பிளாக்அவுட். ஆட்டோவிலோ சவுண்டிலோ இருந்தால் நீங்கள் போட்ட லிமிட் எதுவும் அதற்குத் தெரியாது. லிமிட் கன்சோலில்தானே இருக்கிறது. எல்லா ஹெட்டிலும் பிளாக்அவுட் போடுங்கள், கன்சோலுக்கு ஒரு யு.பி.எஸ். வையுங்கள். கூட்டம் வருமுன் ஹெட்களை எரியவிட்டு, கன்சோலுக்குப் பின்னாலுள்ள டி.எம்.எக்ஸ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எல்லாம் அணைய வேண்டும். ஒன்று மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தால் ஏணியைப் போட்டு ஏறி அதன் மெனுவைத் திருத்திவிட்டு இறங்குங்கள்.